கையை எடுத்த நேரம்

என் ராசா அண்ணாத்தே,

நாளைக்கு உன் பேர்ல ஆஸ்பத்திரியில ஒரு மிஷின் திறக்கிறாங்க. நின்னுபோன நெஞ்சை அமுக்குற மிஷின். அங்க இருந்தது பழசாப் போச்சாம், ஃபேக்டரியில உன்கூட வேலை செஞ்சவங்க சேர்ந்து புதுசு வாங்கிக் குடுக்கிறாங்க. நம்ம தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணி, ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிட்டாங்க.

நெஞ்சுவலின்னு உன்னைச் சேர்த்த மறுநாள் காலையில, என் கண்ணெதிர்லயே உன் மூச்சு நின்னுச்சு. ஸ்டெல்லா சிஸ்டர் ஓடியாந்து கட்டில்மேல ஏறி, ரெண்டு கையாலயும் அமுக்கினாங்க. வேர்வை ஊத்துச்சு, நிறுத்தல. அவங்க அமுக்க அமுக்கக் கழுத்துல நாடி தட்டுதுன்னு இன்னொரு நர்ஸ் சொன்னாங்க. என் காதால கேட்டேன்.

அப்பத்தான் பெரிய டாக்டர் அந்தப் பழைய மிஷினைத் தள்ளிக்கினு வரச்சொன்னாரு. "கையை எடுங்க சிஸ்டர், இனிமே மிஷின் பாத்துக்கும்."

எடுத்தாங்க. மிஷினோட பலகையை உன் முதுகுக்கு அடியில சொருகினாங்க. பட்டை சிக்கிக்குச்சு. காத்துக் குழாயைத் தப்பா மாட்டி, கழட்டி, மறுபடி மாட்டினாங்க. அவ்ளோ நேரமும் உன் நெஞ்சுமேல ஒரு கைகூட இல்ல. "யாராச்சும் அமுக்குங்கய்யா!"ன்னு கத்தினேன். என்னை வெளிய தள்ளிட்டாங்க.

கடைசியில மிஷின் ஓடுச்சு, கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன். இன்னாமா ஓடுச்சு தெரியுமா! பிசகாம, களைக்காம. யாருக்காக?

"மொதல்ல கையை எடு, அப்புறம் மிஷினைப் போடு"ன்னு ஃபேக்டரியில சொல்லிச் சொல்லி எத்தினி பேரு விரலைக் காப்பாத்துன நீ! அதே பேச்சு உன் உசுரை எடுத்துச்சே, அண்ணாத்தே.

போன வாரம் அந்த டாக்டர்கிட்டயே கேட்டேன். "மனுஷக் கையைவிட மிஷின் உசத்தியா சார்?"

"கை சோர்ந்துடும்மா, மிஷின் சோராது. ஆனா ஒழுங்கா அமுக்கினா கையும் மட்டமில்ல."

"அப்போ மாட்டி முடிக்கிறதுக்குள்ள இன்னாத்துக்கு சார் கையை எடுக்கச் சொன்னீங்க?"

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. நீயே சொல்லு, நான் கேட்டது தப்பா?

போவாதேன்னு ஆவடி குவார்ட்டர்ஸ்ல அண்ணி அழுவுது. நான் போறேன். மிஷின் மேல எனக்கு இன்னா கோவம்? ஒரு தலகாணியைப் படுக்க வெச்சு, ஸ்டெல்லா சிஸ்டரை அமுக்கச் சொல்லுவேன். அவங்க கை நிக்காம, எல்லார் எதிர்லயும் டாக்டர் அந்த மிஷினை மாட்டிக் காட்டட்டும். காட்டினா ரிப்பனை வெட்டுறேன். இல்லேன்னா, உம்மேல ஆணையா, கத்திரிக்கோலை முந்தானையில முடிஞ்சுக்கினு ஊட்டுக்கு வந்துடுவேன்.

உன் வாயாடித் தங்கச்சி,
கஸ்தூரி
கரையான்சாவடி