படத்துக்கு வெளியே விழுந்த புள்ளி

என் அருமை வாப்பாவுக்கு, உங்கள் மகளின் ஸலாம்.

ஆலங்குடாவில் காற்று மாறிவிட்டது. பட்டம் கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள். நாம் வாடகைக்கு விடும் இரண்டு அறைகளும் நிரம்பிவிட்டன. முன்சுவரில் நான் மாட்டிய வரைபடத்தைப் பார்த்துத்தான் கடைக்குப் போகிறார்கள்.

அதைக் கம்பியூட்டரில் செய்தபோது என் கதிரைக்குப் பின்னால் நின்றீர்களே, நினைவிருக்கிறதா? ஒவ்வோர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் படத்தின் ஓரங்களோடு ஒப்பிட்டு, இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு என்று கணக்காக்கிப் புள்ளி வைத்தேன். அட்சரேகை வடக்கே போகப் போகக் கூடும். படத்திலோ மேலிருந்து கீழே எண்ண வேண்டும். அதை மறந்ததில், வடக்கே இருக்கிற பள்ளிவாசல் தெற்கே போய் நின்றது. "அல்லாஹ்வே, பள்ளியயே தூக்கிட்டீங்களே மகள்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தீர்கள்.

பிறகு இடப்பக்கம் பரந்து கிடந்த நீலத்தைக் காட்டினீர்கள். "இத வெட்டுங்க. கடல நான் ஒவ்வொரு நாளும் பாக்குறன்தானே. வூட்டப் பெருசாக் காட்டுங்க." வெட்டினேன். வீடு பெரிதானது. உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்!

நீங்கள் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத அன்று, உங்கள் படகு ஆளில்லாமல் மிதந்த இடத்தைத் தேடிப் போன ஹனிபா மாமா தன் ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வந்தார். கடல் உங்களைத் திருப்பித் தரவில்லை, அடக்கம் செய்த கபுறும் இல்லை. "அந்த எடத்தயாவது படத்துல போடு புள்ள. பாத்து துஆ கேக்க எனக்கு ஒரு எடம் வேணும்" என்று உம்மா கேட்டார்.

கணக்குப் போட்டேன். இடமிருந்து அளக்கும் எண் கழித்தல் குறியோடு வந்தது. படத்தின் ஓரத்துக்கு அப்பால் என்று அர்த்தம். திரும்பவும் போட்டேன், அதேதான். உங்கள் இடம் சட்டத்தைத் தாண்டி வெறும் சுவரில் விழுகிறது. அன்று உங்கள் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கலாமே வாப்பா. நீங்கள் தினமும் பார்த்த அந்தக் கடலைப் பற்றி ஒரு நாளாவது உங்களிடம் கேட்டேனா?

"சுவர்ல எண்டாலும் பரவாயில்ல, காட்டு" என்றார் உம்மா. பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

புதிய படம் செய்வேன் வாப்பா. இம்முறை கடலை வெட்ட மாட்டேன். வீடு அரிசிமணி அளவுக்குச் சின்னதாகிவிடும், கோபிக்காதீர்கள். நீங்களும் வீடும் ஒரே படத்துக்குள் இருப்பீர்கள்.

கரையில் இருக்கும்
உங்கள் மூத்த மகள்