ஒரு சுற்றுக்கு ஒரு வெடி

லின்ஃபீல்ட்
4 மே 1996

றொய்ஸ்டனின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் தனியே போய் ஒரு வருடமாகிறது. பாபடோயிட்டோய் அறைச் சுவரில் ஈரம் ஊறுவதாக மகள் அஞ்சலினா சொன்னாள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இது வேலைக் கடிதம். எங்கள் நூதனசாலைக்கு 1880 அளவில் செய்த ஒரு துப்பாக்கி வந்திருக்கிறது. கார்ட்னர் என்று பெயர். ஒரே குழல், மேலிருந்து குண்டு விழும், பக்கத்தில் கைப்பிடி. ஒரு சுற்றுக்கு ஒரு வெடி. வேகம் சுற்றுபவரின் கையைப் பொறுத்தது. உள்ளே குண்டில்லை என்று பார்த்துவிட்டார்கள். கைப்பிடிதான் துருவேறி இறுகிக் கிடக்கிறது. காது கொடுத்து வேலை செய்யும் ஒருவரைத் தெரியும் என்று உங்கள் பெயரைச் சொன்னேன். சனிக்கிழமைகளில் நான் அங்கே இருப்பதில்லை.

ரத்னா

பாபடோயிட்டோய்
19 மே 1996

அன்புள்ள ரத்னா,

நீர் கேட்டதால் போனேன். செல்வராஜ் என்ற மலேசியக் காவலாளி, "அங்கிள், இது வெடிக்குமா? வெடிச்சா எனக்கு இன்னைக்கு லீவு லா" என்று பகிடி விட்டார். எண்ணெயில் ஒரு கிழமை ஊறவிட்டு, நேற்று அசைத்தேன். இப்போது சுற்றுகிறது.

விமானத் திருத்தக வேலையில் நான் செய்வதுபோல மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு 'டக்'கையும் கேட்டுப் பார்த்தேன். மூன்று கேட்டேன். நான்காவதுக்குக் கை வரவில்லை. காரணத்தை நேரில் சொல்கிறேன். நான் வீட்டுக்குத் திரும்பி வரலாமா?

தோமஸ்

லின்ஃபீல்ட்
23 மே 1996

றொய்ஸ்டனின் அப்பாவுக்கு,

காரணத்தை எழுதுங்கள். நேரில் சொல்லமாட்டீர்கள். திரும்பி வருவதைப் பற்றி அதை வாசித்தபின் யோசிக்கிறேன்.

ரத்னா

பாபடோயிட்டோய்
2 ஜூன் 1996

அன்புள்ள ரத்னா,

மகன் போன அன்று நான் கோயிலில் இருந்ததாகச் சொன்னேன். அது பொய்.

நீரும் அஞ்சலினாவும் மானிப்பாயில் அக்கா வீட்டில். நான் ஊரில் நம் வீட்டில்தான் நின்றேன். ஊரடங்கு, தெருவில் ஆமி. பக்கத்து வீட்டிலிருந்து றொய்ஸ்டன் ஒழுங்கையால் ஓடி வந்தான். மூன்று வெடி கேட்டது. பிறகு ஓர் இடைவெளி. "அப்பா, கதவைத் திறவுங்கோ" என்றான். என் கை கொண்டியில் இருந்தது. திறக்கவில்லை. பிறகு நான்காவது கேட்டது.

அந்த இடைவெளி நீளமானது, ரத்னா.

தோமஸ்

லின்ஃபீல்ட்
9 ஜூன் 1996

றொய்ஸ்டனின் அப்பாவுக்கு,

திறந்திருந்தால் நான் இரண்டு சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்திருப்பேன். அது எனக்கு விளங்குகிறது. யாரும் பயந்திருப்பார்கள். கதவுக்காக நான் உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் அவனிடம் ஒரு கடைசிச் சொல் இருந்திருக்கிறது. ஒன்பது வருடமாக அதைத்தான் கேட்டுத் திரிந்தேன். பக்கத்து வீட்டு ராசமணி மாமியிடம் கேட்டேன். பங்குச் சுவாமியிடம் கேட்டேன். அவனைத் தூக்கி வந்த பெடியள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "உடனே போயிருப்பான், பிள்ளை" என்றார்கள். அப்போதெல்லாம் நீங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தீர்கள்.

வர வேண்டாம். அஞ்சலினாவுக்கு நான் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். அவளுக்கு நீங்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வழக்கம்போல அங்கே அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். அந்த இடைவெளியில் அவன் என்னையும் கூப்பிட்டானா? ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். இரக்கத்துக்காக ஓம் என்று எழுத வேண்டாம்.

ரத்னா