எத்தனை பேர்?

நோர்வூட்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தயாளினிக்கு,

நான் நல்ல சுகம். உமக்குத் தடிமன், மூக்கடைப்பு எல்லாம் மாறிவிட்டதா?

மாதாமாதம் வீடு வீடாகப் போய் வேலை, வீட்டுவசதி, செலவு எல்லாம் கேட்டு எழுதுகிறேன் அல்லவா? நேற்று ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறை வீடுகளில் ஒன்றில், கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவிடம் "எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"பதினெட்டுங்க. அரைப்பேரு ரெண்டு."

அரைப்பேர் என்றால் குழந்தைகளாக்கும் என்று எழுதிவிட்டு, "இந்த ஒரு அறைக்குள்ள எல்லாரும் எப்பிடிப் படுக்கிறனீங்கள்?" என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஐயோ சார், பேருன்னா ஒருநாள் வேலைங்க! கொழுந்து கொறைஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க. வீட்டுல நாங்க நாலு பேருங்க. ஒங்க வீட்டுல?"

"இங்க நான் மட்டுந்தான். என்ர மனுசி யாழ்ப்பாணத்தில."

"அப்ப சாருக்கும் அரைப்பேருதான்!"

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். படிவத்தைத் திருத்தி முடிக்கும்வரை தேத்தண்ணீர் தந்து உபசரித்தார்கள்.

மிளகாய்த்தூள் முடியப் போகிறது. என் கம்பளிச் சட்டையும் அங்கேதான் கிடக்கிறது. பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டாம். பள்ளிக்கூட விடுமுறைக்கு நீரே கொண்டு வாரும். வாகனம் வந்துவிட்டது, ஹோர்ன் அடிக்கிறார்கள்.

உமது அரைப்பேர்,
கஜதீபன்