புதிய பெட்டரி

கல்முனை
12.08.1986

அன்புள்ள மச்சான்,

ஸலாம். சவூதியிலிருந்து நீங்கள் பேசி அனுப்பிய கசெட் கிடைத்தது. உங்கள் உம்மா அதை மூன்று தரம் போடச் சொல்லிக் கேட்டார். "என்ட புள்ள எவ்வளவு ஆறுதலாக் கதைக்கான் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் குரல் மெதுவாக இழுபட்டதால், ரெக்கோடரின் பெட்டரி இறங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். புதியது வாங்கிப் போட்டேன். அப்போதும் நீங்கள் சொன்னதையே திரும்பச் சொல்லி, நாக்கு இழுபட இழுபடத்தான் கதைத்தீர்கள். ஆனால் உங்களுக்குப் பின்னால் கேட்ட பள்ளிவாசல் பாங்கு சரியான வேகத்தில் போனது.

போதைத் தூள் பாவிப்பதை நிறுத்த வருகிறவர்களோடு கிளினிக்கில் நாள் முழுக்கக் கதைத்து என் காதுதான் கெட்டுப்போயிற்றோ தெரியவில்லை. நேற்றுப் பொத்துவிலிலிருந்து வந்தவர், "வேலைக் களைப்பு, மிஸ்" என்றார். நான் நம்பவில்லை. நீங்களும் கசெட்டில் களைப்பு என்றுதான் சொல்கிறீர்கள்.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்பதைத்தான். தினமும் பத்துப் பேரிடம் கேட்கிறேன். புருஷனிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பதிலைக் கசெட்டில் பேச வேண்டாம், மச்சான். கடதாசியில் எழுதுங்கள். உங்கள் உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

தபால்காரரைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி