பாகற்காய்க்கு உப்பு

அன்பின் அக்கா,

அம்மாவின் குடலை வெட்டித் தைத்துப் பதினொரு நாள். மூக்குக் குழாயால் விட்ட உணவு செமிக்காமல் அப்படியே தேங்கி நின்றது. வெள்ளிக்கிழமை செமிபாட்டுக்கென்று ஹோர்மோன் ஊசி தொடங்கினார்கள்.

சனிக்கிழமை கண் விழித்தா.

"பாகற்காய்க் கறிக்கு உப்புக் காணாது."

"ஆரம்மா தந்தது?"

"கொப்பர்தான் வாயில தீத்திவிட்டவர்."

இன்றைக்கு உங்கள் மின்னஞ்சலைப் பார்த்தேன். காணாமல்போன அப்பாவுக்குப் படைத்தால் அவர் செத்ததாகிவிடும் என்று இத்தனை வருடமும் தடுத்த அம்மாவுக்குத் தெரியாமல், அந்த வெள்ளிக்கிழமை கனடாவில் படைத்திருக்கிறீர்கள். படையலை ருசி பார்க்கக் கூடாதென்பதால் பாகற்காயில் உப்பு விடுபட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவுக்கு இப்போது உணவு செமிக்கிறது. ஊசியின் வேலை என்றார் வைத்தியர். நானும் ஓம் என்றேன்.

வருகிற வெள்ளியும் படையுங்கள். உப்பை மறக்க வேண்டாம்.

உங்கள் தங்கச்சி