இடப்பக்கக் கைப்பிடி

அன்புள்ளவளே,

நீ விற்கச் சொன்ன டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டுதான் இண்டியானாவுக்கு, உரிமையாளர் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன். கோபப்படாதே.

வீட்டில் எதையெல்லாம் மாற்றலாம் என்று இந்த வண்டிகளைச் செய்யும் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். ஒருவர் இரண்டாவது ஃபிரிட்ஜ் கேட்டார். இன்னொருவருக்குக் கட்டிலுக்கு எதிரே இன்னும் பெரிய டிவி வேண்டுமாம். நான் எழுந்து, படுக்கையறைக்கு ஏறும் படிகளில் வலப்பக்கம் இருக்கும் கைப்பிடியை இடப்பக்கம் மாற்றச் சொன்னேன்.

"எதுக்குங்க?" என்றார் வடிவமைப்பாளர்.

"என் மனைவிக்கு இப்ப இடது கைதான் வசதி" என்றேன்.

பின்வரிசையில் நம் பக்கத்து வண்டி நடீன். அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே. "ஏம்ப்பா, அவ மேலயே குடியிருக்கப் போறாளா? இறங்கும்போது எந்தக் கையால பிடிப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கட்டிலில் கொண்டுவந்து சேர்ப்பதை மட்டுமே இத்தனை நாளும் யோசித்திருக்கிறேன். மறுநாள் காலையில் நீ எழுந்து, இறங்கி வருவாய் என்று நினைக்கவே இல்லை.

சாயங்காலமே இடப்பக்கம் ஒரு கைப்பிடி பொருத்தினேன். பழையதைக் கழற்றவில்லை; இறங்கும்போது அதுதான் உன் இடப்பக்கம்.

இன்னொன்று. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டேன். நடீன்தான் உன் இடத்தில் பின்னால் நின்று கை காட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ இடது கையால் காட்டினாலும் எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
கண்ணாடியில் உன் கையைத் தேடுகிறவன்