தனத்தின் செருப்பு

17-7-2003, வியாழன்

கம்பெனி அசெம்பிளி லைனில் மூடியைத் தலைகீழாக மாட்டித் தினமும் திட்டு வாங்கினோம். பக்கத்தில் நிற்கும் தனம்தான் தன் ரப்பர் செருப்பின் குதிகாலை அறுத்து, மூடியை வைத்துப் பொருத்தும் ஜிக் என்ற அச்சில் ஒட்டினாள். தலைகீழாக வைத்தால் அந்த ரப்பர் தடுக்கும். அதன்பிறகு மூடி தப்பாக உட்காரவே இல்லை. யோசனை எழுதிப் போடும் சஜஷன் ஃபாரத்தை இங்கிலீஷில் நிரப்ப என்னிடம் கொடுத்தாள். ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. என் பெயரை எழுதிவிட்டேன்.

இன்று அதற்கு எனக்குப் பரிசு கொடுத்து போட்டோவும் எடுத்தார்கள். "இந்த ஐடியா எப்படிம்மா வந்துச்சு?" என்று மேனேஜர் கேட்டார்.

"ரூம்ல பழைய செருப்பு கெடந்துச்சு சார்."

எல்லோரும் கைதட்டினார்கள். தனமும்.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். "இன்னாடி, பேசாம வர்ற? போட்டோல நல்லாத்தான் கீற" என்றாள். திட்டியிருந்தாலாவது எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

குன்றத்தூரில் இறங்கி, குதிகால் அறுத்த அதே செருப்போடு சாய்ந்து சாய்ந்து நடந்து போனாள்.